கூத்திலிருந்து திரைக்கு

கோவில்பட்டியினின்று தெற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டி கடம்பூர் நிலையத்தை அடையும்பொழுது, இருபுறமும் கரிசல் நிலம் கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடப்பதைக் காணலாம். மழை பெய்தால் காலைப் பற்றி இழுக்கும் அம்மண், கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் இந்நிலத்திற் கதைகளும் விளைந்தன. அவற்றுள் தலையாயது பாஞ்சாலங்குறிச்சிக் கதை.

கடம்பூருக்கு அண்மையில், நெடுஞ்சாலையின்மேல் அமைந்த ஊர் கயத்தாறு. 1799ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16ஆம் நாள், பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரராகிய வீரபாண்டிய கட்டபொம்மன் ஆங்கிலக் கும்பினியாரால் தூக்கிலிடப்பெற்றது இவ்வூரிலேதான். அவருக்கு அங்கே ஒரு சிலை உண்டு. அச்சிலையை எடுப்பித்தவர் யார்? அரசர் அல்லர், வரலாற்றாசிரியரும் அல்லர். நாடகத்திலும் திரையிலும் கட்டபொம்மனாக வேடம் புனைந்த சிவாஜி கணேசனே, தம் பொருளைக் கொண்டு நிலம் வாங்கி, 1970ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். நடிகர் ஒருவர் தாம் ஏற்ற வேடத்திற்கு உரியவருக்குச் சிலை எடுக்க வேண்டிய கடமை என்ன? இவ்வினாவிற்கு விடை காண, ஒரு கதை வடிவம் மாறும்பொழுது நிகழ்வன யாவை என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

கட்டபொம்மன் கதையை முதன்முதற் போற்றிக் காத்தவர்கள் ஏடு கற்ற அறிஞர்கள் அல்லர், சிற்றூர் மக்களே. பகலெல்லாம் காட்டில் உழைத்தவர்கள் இரவில் ஊர்ப் பொதுவிடத்திற் கூடி, அவர் கதையைப் பாடினர், ஆடினர். கம்பளத்தார் கூத்து என்னும் பெயரால் அது பிற மாவட்டங்களிலும் பரவியது. இவ்வாறு வாய்மொழியாக வழங்கிய கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டது.

திருச்சிராப்பள்ளியை அடுத்த சங்கிலியாண்டபுரத்தில் வாழ்ந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன், ஒருநாள் இரவு அக்கூத்தைக் கண்டான். கண்டவன் உள்ளத்தில் நடிப்பு வேட்கை மூண்டது. வீட்டை விட்டு வெளியேறி நாடகக் குழுவிற் சேர்ந்தான். பின்னாளில் சிவாஜி கணேசன் எனப் பெயர் பெற்றவன் அச்சிறுவனே. 1957ஆம் ஆண்டில், சக்தி கிருஷ்ணசாமி எழுதிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நாடகத்தைத் தம் நாடக மன்றத்தின் வாயிலாகச் சேலத்தில் அவர் அரங்கேற்றினார். அந்நாடகம் நூறு முறைக்கு மேல் நடிக்கப்பெற்றது. 1959ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு அதனைத் திரைப்படமாக்கினார். கதை கூத்தாகவும், கூத்து நாடகமாகவும், நாடகம் படமாகவும் மாறிய வரலாறு இதுவாகும்.

வடிவந்தோறும் கதைக்கு நேர்ந்த மாற்றங்களைக் காண்போம். கூத்திற்குக் கோட்டை மதில் வேண்டுவதில்லை. ஆடுபவர் கையை உயர்த்திக் காட்டினால் அங்கே மதில் எழும். காலைத் தட்டினால் குதிரை பாயும். காண்பவர் மனமே அதன் அரங்கம். நாடக மேடைக்கோ எழுதிய திரைச்சீலையும் ஒளியும் உண்டு. ஆயினும் மேடையிற் குதிரைப்படையைக் கொணர்தல் இயலாது. ஆதலின் அங்கே சொல்லே வாளாயிற்று. உரையாடல் நீண்டது, சொல்லுக்கு அடுக்கும் மிடுக்கும் ஏறின. திரைப்படமோ கண்ணாற் காண்பதற்குரியது. அதற்கு மெய்யான குதிரையும் பீரங்கியும் வேண்டும். எனவே கரிசற் காட்டில் நடந்த போரைப் படமெடுக்கக் குழுவினர் நெடுந்தொலைவிலுள்ள ஜெய்ப்பூருக்குச் சென்றனர். கேவா கலர்ச் சுருளில் எடுத்த படத்திற்கு இலண்டன் மாநகரில் டெக்னிக்கலர் முறையிற் படிகள் ஆக்கப்பெற்றன. தமிழில் இம்முறையில் வெளிவந்த முதற்படம் இதுவே.

இடம் மாறிற்று, காலம் சுருங்கிற்று, சொல்லும் மாறிற்று. கட்டபொம்மன் தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட குடியிற் பிறந்தவர். திரையில் அவர் பேசுவதோ செந்தமிழ். இது பிழையன்றோ எனச் சிலர் வினவலாம். அன்று. திரைப்படம் தோன்றுமுன்பே இந்நாட்டு மக்கள் அவரைத் தமிழிற் பாடித் தம்மவராக ஏற்றுக்கொண்டனர். மக்கள் செய்த மாற்றத்தையே திரையும் பின்பற்றியது. உருவம் மாறினும், அந்நியர்க்கு அடிபணியாமை என்னும் உயிர் மாறவில்லை. உருவத்தை மாற்றலாம், உயிரை மாற்றலாகாது என்பது இதனாற் பெறப்படும் முதற் பாடம்.

இனி, வேடப் பொருத்தம் பற்றி எண்ணுவோம். பள்ளி ஆண்டு விழாக்களில் கட்டபொம்மன் நாடகம் நடப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். மையால் மீசை எழுதி, அட்டை வாளை இடையிற் செருகிக்கொள்ள மாணவர் பலர் முந்துவர். எட்டப்பன் வேடத்திற்கு ஒருவரும் முன்வாரார். வேடங்களைப் பங்கிடும் ஆசிரியர் படும் பாட்டைத் திரைப்படம் எடுப்போரும் படுகின்றனர். வெள்ளையத்தேவன் வேடத்திற்கு முதலில் எண்ணப்பெற்றவர் எஸ். எஸ். இராசேந்திரன். மருது சகோதரர் வரலாற்றைக் கூறும் ‘சிவகங்கைச் சீமை’ என்னும் படத்தில் அவர் நடித்துக் கொண்டிருந்தமையால், அவ்வேடம் ஜெமினி கணேசனைச் சேர்ந்தது. ஜெமினி கணேசன் பிறந்த ஊர் புதுக்கோட்டை. கட்டபொம்மனைச் சிறைப்பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்ததும் புதுக்கோட்டை அரசே! அந்நகரிற் பிறந்தவர், கட்டபொம்மனுக்காக உயிர்விடும் வீரனாக நடித்தார். பிறந்த இடம் ஒன்றே வேடத்தை அறுதியிடுவதாயின் இது நிகழ்ந்திராது. ஜாக்சன் துரையாகச் சி. ஆர். பார்த்திபனும், பானர்மனாக ஜாவர் சீதாராமனும் நடித்தனர். இருவரும் ஆங்கிலேயர் அல்லர். தமிழ்த் திரையின் நடிகரே. அவர்கள் ஆங்கிலேயராக வந்ததைக் கண்டு மக்கள் குறைகூறவில்லை.

அங்ஙனமாயின், எவரும் எவ்வேடமும் ஏற்கலாம் எனக் கொள்ளலாமோ? கடல் கடந்த நாடொன்றில் நிகழ்ந்ததை இங்கு ஒப்புநோக்குவது பயன் தரும்.

ஓவியங்களை ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து ஓட்டி, அவை அசைவன போலத் தோன்றச் செய்யும் படங்களை ஜப்பானியர் ‘அனிமே’ என்பர். மசாமுனே ஷிரோ என்பார் 1989ஆம் ஆண்டில் ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ என்னும் சித்திரக் கதையை வரையத் தொடங்கினார். 1995ஆம் ஆண்டில் மமோரு ஒஷீ அதனை அனிமே ஆக்கினார். இயந்திர உடலும் மனித மூளையும் கொண்ட மோட்டோகோ குசானகி என்னும் பெண்ணே அதன் தலைவி. ‘உடல் மாறிய பின்னும் நான் நானேதானோ?’ என்பதே அக்கதையின் உயிரான வினா. 2017ஆம் ஆண்டில் ஹாலிவுட்டார் மனிதர் நடிக்கும் படமாக அதனை மீண்டும் எடுத்தனர். ருபெர்ட் சாண்டர்ஸ் இயக்கிய அப்படத்தில், தலைவியாக நடித்தவர் ஸ்கார்லெட் ஜோஹான்சன் என்னும் அமெரிக்க நடிகை.

உடனே எதிர்ப்பு எழுந்தது. ஜப்பானியப் பெண்ணின் வேடத்தை வெள்ளை இனத்தவர் ஒருவருக்கு அளிப்பது முறையன்று என ஆசிய வழியினரான அமெரிக்கர் பலர் கூறினர். அனிமேயை இயக்கிய ஒஷீயோ, தலைவியின் உடல் செய்து பொருத்தியதாகலின், இன்ன நாட்டினரே நடிக்க வேண்டும் என்பதற்கு ஏதுவில்லை என்றார். இருவர் கூற்றிலும் பொருளுண்டு. படத்திலேயே தலைவி பிறப்பால் ஜப்பானியப் பெண் என்பதும், அவள் மூளை வேற்றுருவம் கொண்ட உடலிற் பொருத்தப்பெற்றது என்பதும் பின்னர் வெளிப்படுகின்றன. அவ்விளக்கம் குறை கூறினோரை அமைதிப்படுத்தவில்லை, மேலும் வருத்தியது.

கயத்தாற்றுக் கதையில் தமிழர் ஆங்கிலேயராக நடித்ததற்கு எழாத எதிர்ப்பு, இங்கு எழுந்தது ஏன்? காரணம் எளிது. ஆங்கிலேயர்க்கு நாடக அரங்கும் திரையும் குறைவின்றி இருந்தன. நாம் அவர் வேடம் புனைந்ததால் அவர்கள் வாய்ப்பு இழக்கவில்லை. ஹாலிவுட்டில் ஆசிய நடிகர்க்குத் தலைமை வேடம் கிடைப்பதே அரிது. அரிதாக வந்த ஒன்றும் பிறர்க்குச் சென்றால், உள்ளவன் இலையில் மேலும் பரிமாறி, இல்லாதவன் இலையை எடுத்துவிட்டது போலாகும். ஆகவே, வேடம் எவர்க்குப் பொருந்தும் என்பதோடு, அக்கதையை நெடுங்காலம் காத்து வந்தோர் அதில் இடம் பெற்றனரோ என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

வேற்று நாட்டினர் நடித்தாலே பழி நேரும் என்பதும் இல்லை. 2023ஆம் ஆண்டில் ‘ஒன் பீஸ்’ என்னும் ஜப்பானியக் கதை மனிதர் நடிக்கும் தொடராக வந்தது. அதில் லூஃபி என்னும் தலைவனாக நடித்தவர் மெக்சிகோ நாட்டு இளைஞராகிய இன்யாக்கி கொடாய். கதையை வரைந்த ஐச்சிரோ ஓடா, லூஃபி நம் உலகிற் பிறந்திருந்தால் பிரேசில் நாட்டினனாக இருப்பான் என முன்னரே தம் வாசகர்க்குக் கூறியிருந்தார். தொடரின் ஆக்கத்திலும் பங்குகொண்டார். உரியவரைக் கலந்து செய்த மாற்றத்தை மக்கள் மகிழ்ந்து ஏற்றனர்.

மீண்டும் கரிசல் நிலத்திற்கு வருவோம். திரையின் ஆற்றல் பெரிது. 1960ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில், கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் சிறந்த நடிகராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். இன்றும் கட்டபொம்மன் என்றவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது அந்நடிகர் முகமே. ஆற்றல் பெரிதாயின் பொறுப்பும் பெரிது. ஜாக்சன் துரையிடம் கட்டபொம்மன் முழங்கும் திரையுரை சக்தி கிருஷ்ணசாமி இயற்றியது. 1798ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இராமநாதபுரத்தில் இருவரும் சந்தித்ததும், அங்கு நேர்ந்த கைகலப்பில் கிளார்க் என்னும் ஆங்கில அதிகாரி மாண்டதும் வரலாறு. உரை புலவன் படைப்பு. சந்திப்பு வரலாற்று நிகழ்ச்சி. இரண்டையும் பிரித்தறிதல் கற்றவர் கடன்.

இவ்வாறு பிரித்தறியாமையால் ஓர் ஊருக்கு நேர்ந்த துன்பத்தையும் சொல்லுதல் வேண்டும். கும்பினியார்க்குத் துணைநின்ற பாளையக்காரர் ஒருவரல்லர். எட்டயபுரத்தார் அவருள் ஒருவர். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். ஆயினும் திரையிற் பழி முழுவதையும் சுமந்தவர், வி. கே. இராமசாமி நடித்த எட்டப்பனே. அப்பெயர் இன்று துரோகத்திற்கு மறுபெயராய் வழங்குகின்றது. அதே எட்டயபுரம், 1882ஆம் ஆண்டில் பாரதியார் பிறந்த ஊர். முத்துசாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டில் மறைந்து சமாதி கொண்ட ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் துயிலும் ஊர். ஒரு கதையின் சுவைக்காக ஓர் ஊரையே வசைச்சொல்லாக்குதல் அறமாகுமோ? கதையை மாற்றுவோர்க்கு, அக்கதையில் வரும் பகைவரிடத்தும் ஒரு கடமை உண்டென்பதை இது காட்டுகின்றது.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இப்பொழுது விடை கூறலாம். சிவாஜி கணேசன் கட்டபொம்மனிடம் ஒரு கதையைப் பெற்றார். அக்கதையால் நாடெங்கும் புகழ் பெற்றார். பெற்றதனைத் திருப்பித் தர இயலாதென உணர்ந்தவர், அவ்வீரர் உயிர்நீத்த மண்ணிற் சிலை எழுப்பித் தம் கடனில் ஒரு பகுதியைத் தீர்த்தார்.

மாணவர்களே! நீங்களும் ஒருநாள் ஒரு கதையை நாடகமாகவோ படமாகவோ ஆக்கக்கூடும். அப்பொழுது மூன்று வினாக்களை உங்களுக்குள் கேளுங்கள்: இக்கதையின் உயிர் யாது? இதனைக் காத்து வந்தவர் யார்? என் மாற்றத்தால் எவரேனும் தீராப் பழி சுமப்பரோ? இம்மூன்றிற்கும் நேர்மையான விடை கண்ட பின்னர், உருவத்தை எங்ஙனம் மாற்றினும் தவறில்லை. அடுத்த ஆண்டு விழாவில் உங்களுள் ஒருவர் எட்டப்பன் வேடம் ஏற்க நேர்ந்தால், அவரை எள்ளி நகையாடாதீர்கள். நாடகம் முடிந்ததும் அவர் வேடம் கலைந்துவிடும், அவரும் நம்மவரே.