கரண்ட் பில்லும் வத்தல் நிறமும்

கடையில் எல்.இ.டி. விளக்கு மாட்டினால் உண்மையில் லாபம்தானா என்று சில்லறைக் கடைக்காரர்கள் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். பொதுவாகச் சொல்வதைவிட விருதுநகரில் எங்கள் கடைக் கணக்கையே இங்கு வைக்கிறோம்.

கடையிலும் கிட்டங்கியிலுமாக 14 டியூப் லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. டியூப் 40 வாட் என்று மட்டுமே நாம் கணக்குப் பார்ப்போம். பழைய சோக்கு தன் பங்குக்கு 12 வாட் அளவில் தின்றுகொண்டிருக்கும். ஆக 52 வாட். அந்த இடத்துக்கு 20 வாட் எல்.இ.டி. டியூப் போதுமானதாக இருக்கிறது. தினம் 10 மணி நேரம், இரண்டு மாத பில்லுக்கு 50 நாள் வியாபாரம் என்று போட்டால் 224 யூனிட் மிச்சம். யூனிட் 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,240 ரூபாய். ஒன்று 280 ரூபாய் வீதம் 14-க்கு 3,920 ரூபாய் கொடுத்தோம். இரண்டே பில்லில் முதல் திரும்பிவிட்டது. வேறு எந்தச் சரக்கில் இப்படி முதல் திரும்புகிறது?

ஆனால் இது நாங்கள் இரண்டாம் முறை மாட்டிய விளக்குகளின் கணக்கு. முதல் முறை ஏமாந்ததை மறைத்து எழுதுவது முறையல்ல.

2019-ல் ஒருவர் ஒன்று 120 ரூபாய்க்குத் தந்தார். பில் இல்லை, முத்திரை இல்லை. விலையைப் பார்த்து வாங்கிவிட்டோம். மாசி மாதம், விளக்கு வைக்கும் நேரம். சாயல்குடிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் 6 மூடை குண்டு வத்தல் கொண்டுவந்தார். அந்த விளக்கடியில் கொட்டிப் பார்த்தால் பழுப்பேறிக் கருத்துத் தெரிந்தது. "புதுக்காய் அண்ணாச்சி, களத்துலேருந்து நேரா வருது" என்று அவர் சொல்லியும் நாங்கள் நம்பவில்லை. பழைய சரக்கு கலந்திருக்கிறது என்று கிலோவுக்கு 8 ரூபாய் குறைத்து முடித்தோம். மறுநாள் காலை வாசல் வெயிலில் பார்த்தால் செக்கச்செவேல் என்று கிடக்கிறது! வித்தியாசப் பணத்தை அனுப்பிவைத்தோம். வாங்கிக்கொண்டார். ஆனால் அடுத்த வருஷம் அவர் மூடைகள் வேறு கடையில் இறங்கின.

காரணம் விசாரித்தோம். வெயிலில் எல்லா நிறமும் உண்டு. மட்டமான எல்.இ.டி.யில் நீலம் தூக்கலாகவும் சிவப்பு குறைவாகவும் இருக்கும். அதனால் நல்ல வத்தலும் செத்த நிறமாகத் தெரியும். நல்ல கம்பெனிகள் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போடுகிறார்கள். வெயிலுக்கு 100 என்று கொண்டு, நிறத்தைச் சரியாகக் காட்டுவதற்குக் கொடுக்கும் மார்க் அது. 80-க்குக் கீழ் உள்ளதைத் தொடவேண்டாம். வத்தல், மஞ்சள், பருப்பு பார்க்கும் இடத்துக்கு 90 கிடைத்தால் மிகவும் நல்லது. சிலர் வத்தல் மேல் செவ்வொளி விளக்கைத் தொங்கவிட்டு அழகு காட்டுகிறார்கள். வாங்கினவர் வீட்டில் போய்ப் பிரித்துப் பார்க்கமாட்டாரா?

பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள். பில் இருந்தால்தான் வாரண்டியில் மாற்றித் தருவார்கள். பழைய பட்டியிலேயே புது டியூபை மாட்ட நினைப்பவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு சோக்கையும் ஸ்டார்ட்டரையும் எடுத்துவிடுவது நல்லது. சாக்கு அடுக்கிய கிட்டங்கியில் பழைய சோக்கு சூடாகிக் கிடப்பது எப்போதுமே நமக்கு உறுத்தல்தான். பொட்டுக்கடலைத் தட்டில் ஈசல் விழுவதும் குறைந்திருக்கிறது. அறவே இல்லை என்று சொல்லமாட்டோம். கழற்றிய டியூப்களை உடைத்துக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே பாதரசம் உண்டு.

விளக்கு இப்போது நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் மாதிரி பார்ப்பதை மட்டும் வாசலுக்கே மாற்றிவிட்டோம். இருட்டிய பிறகு வரும் வத்தலுக்கு எங்கள் கடையில் மறுநாள் காலையில்தான் விலை.