மூட்டை எழுத்தில் இடைவெளி ஏன்?

வெளியூரிலிருந்து வரும் மூட்டைகளிலும் மரப்பெட்டிகளிலும் தடித்த கறுப்பு எழுத்துகளை நாம் தினமும் பார்க்கிறோம். பல எழுத்துகள் ஆங்காங்கே அறுந்து நிற்கும். அலங்காரத்திற்காக அப்படிச் செய்வதாகச் சிலர் எண்ணுகின்றனர். ஆனால் அந்த இடைவெளிக்குக் காரணம் உண்டு.

தகட்டில் எழுத்தை வெட்டி, மூட்டைமேல் வைத்து, மை தொட்ட பிரஷால் குத்துவதே ஸ்டென்சில் முறை. பூஜ்யத்தை முழு வட்டமாக வெட்டினால் நடுத்துண்டு கழன்று விழும். சாக்கில் மைக்கறைதான் மிஞ்சும். நடுத்துண்டைப் பிடித்து நிறுத்தச் சிறு பாலங்களை விட்டு வெட்டுகிறார்கள். அவையே எழுத்தில் இடைவெளியாகத் தெரிகின்றன. நம் ‘வ’, ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிகளுக்கும் பாலம் வேண்டும். ‘ட’, ‘ப’ போன்ற திறந்த எழுத்துகளுக்குத் தேவையில்லை.

இந்தத் தோற்றத்தை 1937-ல் அமெரிக்காவில் அச்செழுத்தாகவே வெளியிட்டனர். அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் நிறுவனத்திற்காக ஜெர்ரி பவலும், லட்லோ நிறுவனத்திற்காக ராபர்ட் ஹண்டர் மிடில்டனும் அதே ஆண்டில் தனித்தனியே வடிவமைத்தனர். பவலின் ‘ஸ்டென்சில்’ எழுத்தில் கோடுகள் பருமனானவை, ஓரங்கள் உருண்டவை. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. அச்சில் பாலத்திற்கு வேலையே இல்லை. ஆனாலும் பார்த்தவுடன் கிடங்கும் ராணுவப் பெட்டியும் நினைவுக்கு வருவதால் விளம்பரத்திலும் சினிமா போஸ்டரிலும் அதைப் பயன்படுத்துகின்றனர். இன்று கணினியிலும் கிடைக்கிறது.

நமக்கு முக்கியமானது எண்கள். லாரி ஆபீசில் இரவு நேரத்தில் மூட்டை பிரிப்பவர் மார்க்காவையும் எண்ணையும் பார்த்தே பிரிக்கிறார். 8-க்கு இடப்பக்கம் அகலப் பாலம் விட்டால் அது 3 ஆகத் தெரியும். 6-ன் இடப்பக்க அடியில் வெட்டு விட்டால் 5 போலாகும். மை பரவினாலோ 3-ன் வாய் மூடி 8 ஆகிவிடும். மிளகாய் மூட்டை வேறு ஊர் போய் நான்கு நாள் கழித்து வந்தால் கூலியும் விலை இறக்கமும் நம் தலையில்தான்.

கவனிக்க வேண்டியவை:

1. 0, 6, 8, 9 ஆகிய எண்களுக்குப் பாலத்தை மேலும் கீழுமாக விடச் சொல்ல வேண்டும்.

2. பாலம் மெலிந்தால் சீக்கிரம் ஒடியும். மிக அகன்றால் எழுத்தே உருமாறும்.

3. பிரஷில் மை குறைவாக இருக்கட்டும். நேராகக் குத்த வேண்டும். இழுத்தால் மை தகட்டின் அடியில் புகும். அடிப்பக்கத்தை அவ்வப்போது துடைக்கவும்.

4. உணவுச் சரக்கு எனில் காலிச் சாக்கிலேயே அடித்து, நன்கு காய்ந்தபின் நிரப்ப வேண்டும்.

கடைப் பெயருக்கு இந்த எழுத்து எடுப்பாக இருக்கும். ஆனால் பொட்டலத்தில் விலை, எடை, தேதி போன்ற சிறிய எழுத்துகளுக்கு ஆகாது. அவை தெளிவாகப் படிக்கும்படி இருக்க வேண்டுமென்பது பொட்டலப் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகளின் கட்டளை.

புதிய தகடு வந்ததும் 0 முதல் 9 வரை பழைய சாக்கில் அடித்து, பத்தடி தள்ளி நின்று கடைப் பையனைப் படிக்கச் சொல்வோம். அவன் தயங்காமல் படித்தால் வெட்டுக்கூலியைக் கொடுப்போம்.