சத்தியமாக எனக்கு நினைவிருக்கிறது

சுனாமி வந்த அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்று யார் கேட்டாலும் ரொம்ப வருஷமாக ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆபீஸில், மூன்றாவது மாடியில், என் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மேஜைமேல் இருந்த பாட்டிலில் தண்ணீர் லேசாக ஆடியது. தலை சுற்றுகிறதோ என்று நினைத்தேன். அதற்குள் செக்யூரிட்டி வந்து எல்லோரையும் கீழே போகச் சொன்னார். படியில் இறங்கி வெளியே வெயிலில் நின்றோம். யாருக்குமே போன் லைன் கிடைக்கவில்லை. பக்கத்தில் நின்றவரின் சட்டை நிறம்கூட நினைவில் இருக்கிறது.

ஒருநாள் இதை விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனைவி கேட்டாள்: "அன்னிக்கு ஞாயித்துக்கிழமையாச்சே, ஆபீஸ்ல என்ன பண்ணீங்க?"

நான் விடவில்லை. ஏதாவது ரிலீஸ் இருந்திருக்கும் என்றேன். ஆனால் 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே பூமி அதிர்ந்தது நம் நேரப்படி காலை 6.29க்கு. ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு நான் ஆபீஸில் இருந்ததாகச் சொன்னால் என் அம்மாவே நம்ப மாட்டார். பழைய மெயில்களைத் தோண்டினேன். மறுநாள் திங்கட்கிழமை ஒரு நண்பனுக்கு நானே எழுதியிருக்கிறேன்: தூங்கிக்கொண்டிருந்தேன், எந்த அதிர்வும் தெரியவில்லை, டிவி போட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது என்று.

அப்படியென்றால் அந்தத் தண்ணீர் பாட்டில் எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்ததில் பிடிபட்டது. 2012 ஏப்ரல் 11, புதன்கிழமை மதியம் 2 மணிக்கு மேல் அதே சுமத்ரா பக்கம் 8.6 அளவில் இன்னொரு பெரிய பூகம்பம் வந்தது. சென்னையிலும் உணரப்பட்டது. சுனாமி எச்சரிக்கைகூட விட்டார்கள், பிறகு விலக்கிக்கொண்டார்கள். பாட்டில், படிக்கட்டு, வெயில் எல்லாமே அந்த நாளைச் சேர்ந்தவை. என் மூளை எனக்குத் தெரியாமலே இரண்டு நாட்களை ஒட்டி ஒரு நாளாக்கியிருக்கிறது. இதில் விசேஷம் என்னவென்றால், உண்மை தெரிந்த பிறகும் அந்தக் காட்சி மனதில் இம்மி மங்கவில்லை.

இது எனக்கு மட்டும் வந்த கோளாறா என்று தேட ஆரம்பித்ததில் கிடைத்ததுதான் இந்தக் குறிப்புகள்.

பேஸ்பால் கேட்ட பையன்

ஹார்வர்டில் இருந்த ரோஜர் பிரவுன், ஜேம்ஸ் குலிக் என்ற இருவர் 1977இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கென்னடி சுடப்பட்டதைக் கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று கேட்டால் மக்கள் அட்சரம் பிசகாமல் சொல்கிறார்கள். அதிர்ச்சியான செய்தி வரும்போது மூளை அந்தக் கணத்தை ஃப்ளாஷ் அடித்துப் படம்பிடித்துக்கொள்கிறது என்பது அவர்கள் கருத்து. அதற்கு வைத்த பெயர் ஃப்ளாஷ்பல்ப் நினைவு. கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது.

இதைச் சந்தேகித்தவர் உல்ரிக் நைசர், அறிவாற்றல் உளவியலின் முன்னோடிகளில் ஒருவர். சந்தேகத்துக்கு ஆதாரமாக அவர் வைத்தது சொந்த நினைவையே. 1941 டிசம்பர் 7, பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட நாள். 12 வயதுப் பையனாக ரேடியோவில் பேஸ்பால் வர்ணனை கேட்டுக்கொண்டிருந்தபோது, நடுவில் நிறுத்திச் செய்தி சொன்னதாக அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது. பல வருடங்கள் கழித்துத்தான் உறைத்தது: டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட்டமே கிடையாது!

பிற்பாடு வேறு இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு விளக்கம் சொன்னார்கள். அன்றைக்கு நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று நடந்தது. ஆடிய அணிகளின் பெயர் ஜயண்ட்ஸ், டாட்ஜர்ஸ். அதே பெயர்களில் பிரபலமான பேஸ்பால் அணிகளும் இருந்தன. அதாவது நினைவின் எலும்பு சரியாக இருந்தது. சதையை மூளை பிற்பாடு தானாகவே சேர்த்துக்கொண்டது.

மறுநாள் காலை நிரப்பிய தாள்கள்

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73 விநாடிகளில் வெடித்துச் சிதறியது. ஏழு பேரும் இறந்தார்கள். நைசர் அப்போது அட்லாண்டாவில் எமோரி பல்கலைக்கழகத்தில் இருந்தார். மறுநாள் காலையே 106 மாணவர்களுக்கு ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள்? எங்கே இருந்தீர்கள்? யார் சொன்னது? அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நம் பாஷையில் சொன்னால், சம்பவம் நடந்த உடனே லாக் எடுத்து வைத்துவிட்டார்கள்.

இரண்டரை வருஷம் கழித்து, அவர்களில் 44 பேரைப் பிடித்து, நைசரும் அவருடைய மாணவி நிக்கோல் ஹார்ஷும் அதே கேள்விகளைக் கேட்டார்கள். பழைய தாளோடு ஒப்பிட்டு ஏழு புள்ளிக்கு மதிப்பெண் போட்டார்கள். சராசரி 2.95. பதினொரு பேர், அதாவது கால்வாசிப் பேர், சுத்தமாகப் பூஜ்யம். ஏழுக்கு ஏழு வாங்கியவர்கள் மூன்றே பேர்.

இதைவிட முக்கியமான எண் இன்னொன்று. உங்கள் பதிலில் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள் என்றும் கேட்டிருந்தார்கள். ஐந்துக்குச் சராசரி 4.17. பூஜ்யம் வாங்கியவர்களிலும் பலர் அடித்துச் சொன்னார்கள்.

ஒரு மாணவி மறுநாள் எழுதியது: மத வகுப்பில் இருந்தபோது சிலர் உள்ளே வந்து அதைப் பற்றிப் பேசினார்கள் என்று. இரண்டரை வருஷம் கழித்து அவரே சொன்னது: விடுதி அறையில் தோழியோடு டிவி பார்த்துக்கொண்டிருந்தேன், திடீரென்று செய்தி வந்தது என்று. இவர் மட்டும் இல்லை. செய்தியை முதலில் டிவியில்தான் பார்த்தேன் என்று ஆரம்பத்தில் சொன்னவர்கள் 9 பேர், பிறகு சொன்னவர்கள் 19 பேர். வெடித்த காட்சியை டிவி திரும்பத் திரும்பக் காட்டியது இல்லையா? அந்தக் காட்சி முதல் கணத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கடைசியில் அவரவர் கைப்பட எழுதிய தாளையே எடுத்துக் காட்டினார்கள். பார்த்ததும் 'அட, ஆமாம்!' என்று பழசு திரும்பி வரும் என்பது ஆய்வாளர்களின் எதிர்பார்ப்பு. ஒருவருக்கும் வரவில்லை. அந்தத் தாளை நிரப்பியதே கால்வாசிப் பேருக்குத்தான் நினைவிருந்தது.

2001 செப்டம்பர் 11க்கு மறுநாள் டியூக் பல்கலைக்கழகத்தில் இதையே இன்னும் கவனமாகச் செய்தார்கள். தாக்குதல் செய்தி கேட்ட நினைவோடு, அதே சமயத்தில் நடந்த ஒரு சாதாரண விஷயத்தின் நினைவையும் 54 மாணவர்களிடம் எழுதி வாங்கினார்கள். மாதங்கள் போகப்போக இரண்டுமே ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் சிதைந்தன. வித்தியாசம் ஒன்றே ஒன்று. சாதாரண நினைவு மங்கும்போது அதன் மேலிருந்த நம்பிக்கையும் மங்கியது. தாக்குதல் நினைவில் மட்டும் நம்பிக்கை மங்கவே இல்லை.

ஏன் இப்படி?

நாம் நினைவை ஒரு வீடியோ ஃபைல் மாதிரி கற்பனை செய்கிறோம். எங்கோ பத்திரமாக இருக்கிறது, வேண்டும்போது ஓட்டிப் பார்க்கிறோம் என்று. கேம்பிரிட்ஜில் இருந்த ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே இதை மறுத்துவிட்டார். நினைவுகூர்வது என்றால் திரும்பக் கட்டுவது. பார்த்தது, கேட்டது, உணர்ந்தது என்று துண்டு துண்டாக மூளையின் வெவ்வேறு இடங்களில் கிடப்பதைச் சேர்த்து, இடைவெளியை 'இப்படித்தான் இருந்திருக்கும்' என்ற அனுமானத்தால் பூசி, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுகிறோம். கட்டி முடித்ததும் எது செங்கல், எது பூச்சு என்று நமக்கே தெரிவதில்லை.

2000இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கரீம் நாடர், க்ளென் ஷாஃபே, ஜோசஃப் லெடூ மூவரும் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு ஒலியைக் கேட்டாலே பயப்படும்படி எலிகளைப் பழக்கினார்கள். பிறகு அந்த ஒலியைக் கேட்க வைத்து, பயம் நினைவுக்கு வந்த உடனே, மூளையில் புதுப் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பழைய பயம் பெருமளவு போய்விட்டது. ஒலியைக் கேட்க வைக்காமல் வெறும் மருந்தை மட்டும் கொடுத்தபோது பயம் அப்படியே இருந்தது. ஆக, ஒரு நினைவை வெளியே எடுத்தால் அது கொஞ்ச நேரம் இளகிய நிலையில் இருக்கிறது, மறுபடி சேமிக்க வேண்டியிருக்கிறது. எலியின் பயத்திலிருந்து மனிதனின் சுனாமிக் கதைக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாதுதான். ஆனாலும் ஒரு புரோகிராமராக எனக்கு இதைப் பார்த்ததும் தோன்றியது: திறந்தாலே சேவ் ஆகிவிடுகிற ஃபைல், பழைய வெர்ஷனும் கிடையாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு விஷயம் மனதில் தங்கும் அளவுக்கு, அது எங்கிருந்து வந்தது என்பது தங்குவதில்லை. பார்த்ததா, யாரோ சொன்னதா, கற்பனை செய்ததா என்ற லேபிள் சீக்கிரம் உதிர்ந்துவிடுகிறது.

1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பாமர் செய்த சோதனை இதற்குப் பொருத்தம். ஒரு கார் விபத்துப் படத்தைக் காட்டிவிட்டு, 50 பேரிடம் 'கார்கள் நொறுங்க மோதியபோது என்ன வேகம்?' என்றும், 50 பேரிடம் 'இடித்தபோது என்ன வேகம்?' என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். 'நொறுங்க' என்று கேட்கப்பட்டவர்களில் 16 பேர், 'இடித்த' என்று கேட்கப்பட்டவர்களில் 7 பேர் ஆமாம் என்றார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. கேள்வியில் இருந்த ஒரு வார்த்தை படத்துக்குள் புகுந்துவிட்டது.

சாட்சிக் கூண்டில்

விருந்தாளிகளிடம் தப்பாகக் கதை சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. நீதிமன்றத்தில் அப்படி இல்லை.

1984இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஜெனிஃபர் தாம்சன் என்ற 22 வயது மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பிழைத்தால் இவனை ஜெயிலுக்கு அனுப்பியே தீருவேன் என்று அந்த நேரத்திலும் அவன் முகத்தை உன்னிப்பாகப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டார். போலீஸ் காட்டிய படங்களில் ரொனால்ட் காட்டன் என்பவரைத் தேர்ந்தெடுத்தார். பிறகு நேரடி அணிவகுப்பிலும் அவரையே காட்டினார். இரண்டிலும் இருந்த ஒரே ஆள் காட்டன்தான். படத்தில் காட்டியதும் இவரைத்தான் என்று பிறகு அவரிடம் சொன்னார்கள். அத்தோடு கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போனது. 1987 மறுவிசாரணையில் உண்மைக் குற்றவாளியையே கண்முன் நிறுத்தியபோது, இவரை நான் பார்த்ததே இல்லை என்றார். 1995இல் டி.என்.ஏ. சோதனை உண்மையைச் சொன்னது. அதற்குள் காட்டன் பத்து வருஷத்துக்கு மேல் சிறையில் கழித்துவிட்டார். பிற்பாடு இருவரும் சேர்ந்தே ஒரு புத்தகம் எழுதினார்கள்.

தாம்சன் பொய் சொல்லவில்லை, அலட்சியமாகவும் இல்லை. ஒவ்வொரு முறை அடையாளம் காட்டும்போதும் நினைவில் இருந்த முகம் காட்டனின் முகமாக மாறிக்கொண்டே வந்தது. அமெரிக்காவில் டி.என்.ஏ. மூலம் நிரபராதி என்று விடுதலையானவர்களின் வழக்குகளை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய 70 சதவீதத்தில் தவறான அடையாளம் காட்டல் ஒரு காரணமாக இருந்தது.

அப்போ எதையுமே நம்பக் கூடாதா?

அப்படியும் இல்லை. வாட்டர்கேட் விசாரணையில் ஜான் டீன் என்ற வழக்கறிஞர் நிக்சனோடு நடந்த பேச்சுகளை அவ்வளவு விவரமாகச் சொன்னதால் அவரை மனித டேப் ரிக்கார்டர் என்றார்கள். அதே பேச்சுகள் நிஜமான டேப்பிலும் பதிவாகியிருந்தது தெரிய வந்தது. நைசர் 1981இல் இரண்டையும் ஒப்பிட்டார். யார் என்ன சொன்னார்கள் என்ற விவரங்களில் ஏகப்பட்ட தப்பு. ஆனால் மூடிமறைக்கும் வேலை நடந்தது, அது நிக்சனுக்குத் தெரியும் என்ற சாரம் சரி. நினைவு சாரத்தைக் காப்பாற்றும். வசனத்தைக் காப்பாற்றுவது அரிது.

உறுதியாகச் சொல்வதற்கும் மதிப்பு உண்டு, ஆனால் நேரம் முக்கியம். யாரும் கலைப்பதற்கு முன், முதல் முறையாக, முறையாகக் கேட்கும்போது சாட்சி காட்டும் உறுதி ஓரளவு நல்ல அளவுகோல் என்று பிந்தைய ஆய்வுகள் சொல்கின்றன. பத்துப் பேரிடம் பேசி, நாலு தடவை சொல்லிப் பழகிய பிறகு வரும் உறுதிதான் ஏமாற்றும்.

இதைப் படித்து முடித்தபோது எனக்கு வேறொரு சம்பவம் உறுத்த ஆரம்பித்தது. ஒரு நள்ளிரவு ரிலீஸில் டேட்டா போய்விட்டது. பேக்கப் முடியும் வரை ஸ்கிரிப்ட்டை ஓட்டாதே என்று டீமில் இருந்த பையனிடம் போனில் சொன்னேன் என்று மீட்டிங்கில் சொன்னேன். "இல்லண்ணா, நீங்க சொல்லலை" என்றான் அவன் மெதுவாக. நான் சீனியர், அடித்துப் பேசினேன், எல்லோரும் என்னை நம்பினார்கள். அந்த வருஷம் அவனுக்கு ரேட்டிங் குறைந்தது.

பழைய லாக்குகளைப் பார்த்தேன். அன்றிரவு அவனுக்கு நான் போனே செய்யவில்லை. என் நோட்பேடில் மட்டும் 'பேக்கப் பற்றிச் சொல்ல வேண்டும்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சொல்ல நினைத்தது, சொன்னதாக மாறிவிட்டது. அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவன் சொன்னதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது: "பரவாயில்லண்ணா. நீங்க அவ்ளோ உறுதியா சொன்னதும், நீங்க சொல்லி நான்தான் மறந்துட்டேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு."

இப்போது எங்கள் டீமில் எந்தப் பிரச்சினை வந்தாலும், பேச ஆரம்பிப்பதற்கு முன் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரும் தனித்தனியாக, பார்த்ததையும் செய்ததையும் நேரத்தோடு எழுதிவிட வேண்டும். சீனியர்கள் கடைசியில்தான் பேச வேண்டும். 'எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு' என்பதை ஆதாரமாக ஏற்பதில்லை, நான் சொன்னாலும்தான்.

உங்களிடமும் அப்படி ஒரு பளிச்சென்ற நினைவு கட்டாயம் இருக்கும். அந்த நாளின் டைரியோ, மெயிலோ, தேதி போட்ட போட்டோவோ கிடைத்தால் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால், இப்போது நினைவில் இருப்பதை ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒப்பிட்ட பிறகு, 'நான் முதல்லயே அப்படித்தானே சொன்னேன்' என்று தோன்றிவிடும்.