வானில் எழும் செவ்வொளி

மாலை வேளையில் வைட்ஃபீல்டின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பிள்ளைகள் நால்வர் கைபேசியும் கையுமாகப் படிக்கட்டில் அமர்ந்திருப்பதைக் காணாதார் இலர். ஒருவன் வீட்டில் தமிழ். ஏனையோர் வீடுகளில் கன்னடம், தெலுங்கு, இந்தி. வீண்பொழுது என்றே நானும் எண்ணியிருந்தேன், ஒருநாள் அருகமர்ந்து பார்க்கும்வரை.

அவர்கள் ஆடியது 2021 ஜூலையில் வெளிவந்த 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா'. ஓர் ஆட்டத்தில் 100 பேர் வரை களமிறங்குவர். நால்வர் ஓர் அணியாகச் சேரலாம். அதில் அரிதாக ஒரு வாணத் துப்பாக்கி கிடைக்கும். அதை வானோக்கிச் சுட்டால் செவ்வொளி எழும். விமானம் வந்து ஆயுதப் பெட்டியை இறக்கும். ஆனால் அவ்வொளி பகைவர் கண்ணிலும் படுமன்றோ? ஆகவே, தோழரைக் கேளாமல் சுட்டவன் பகைவரை விருந்துக்கு அழைத்தவனாவான். யார் சுடுவது, யார் காவல் நிற்பது என்று முன்னரே பேசி முடிவு செய்தல் வேண்டும்.

இரயில்வேயில் பணிபுரியும் எனக்கு இது புதிதன்று. விபத்தினால் அடுத்த பாதை அடைபட்டால், எதிர்வரும் வண்டியை நிறுத்தச் சிவப்பு ஒளி காட்டுவர். அகலப் பாதையில் 600 மீட்டரில் ஒரு வெடியும், 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று வெடிகளும் தண்டவாளத்தில் வைப்பர். ஓட்டுநர் எம்மொழியினராயினும் பொருள் ஒன்றே. காரணம், விதி முன்னரே கற்பிக்கப்பட்டிருக்கிறது.

பொருள் தெளிவுபடாத ஒளியால் விளைந்த கேட்டையும் உலகம் கண்டதுண்டு. 1912 ஏப்ரல் 15 அதிகாலையில், மூழ்கிக்கொண்டிருந்த டைட்டானிக் கப்பல் வெண்ணிற வாணங்களை விட்டது. அருகிருந்த கலிபோர்னியன் கப்பலில் அவற்றைக் கண்டனர். எனினும், கப்பல் நிறுவனங்கள் தமக்குள் காட்டும் அடையாளமோ என ஐயுற்றனர். உறங்கிய கம்பியில்லாத் தந்தி ஊழியரை அப்போதே எழுப்பினாரில்லை. அவ்விரவில் ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர்.

ஒளி தானாக எதையும் சொல்வதில்லை. முன்னர்ச் செய்துகொண்ட உடன்பாடே பேசுகிறது. பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இது பெரிதும் பொருந்தும். ஆபத்தில் 112 என்னும் எண்ணை அழைக்கவேண்டும் என்பதும், எந்த அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதும் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அண்டை வீட்டாருக்கு நம் பெயரேனும் தெரியுமா?

விளையாட்டு நேரத்துக்கு வரம்பு வேண்டும், ஐயமில்லை. ஆயினும் இன்று மாலை பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், 'வாணம் விடுமுன் தோழரைக் கேட்டாயா?' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவன் சொல்லும் விடையிலிருந்து நம் வீட்டுப் பேச்சும் தொடங்கட்டும்.