அயர்ன் அடியில் பந்து ஏன் வளைகிறது?

கோல்ஃபில் அயர்ன் மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். 46 கிராமுக்கும் சற்றுக் குறைவான அந்தப் பந்து எங்கே கிளம்பும், எந்தப் பக்கம் வளையும் என்பது அதற்குள் முடிவாகிவிடும். பிறகு ஆட்டக்காரர் உடலை எந்தப் பக்கம் சாய்த்தாலும் பலனில்லை. அந்த இமைப்பொழுதில் மட்டையின் முகம் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது முகக் கோணம். மட்டைத் தலை எந்தத் திசையில் நகர்கிறது என்பது வீச்சுப் பாதை. பந்தின் போக்கு பெரும்பாலும் இவை இரண்டையும் பொறுத்தது. கீழே சொல்லப்படும் இடம் வலம் எல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு உரியவை.

பந்து வீச்சுப் பாதையின் திசையில் கிளம்பும், பிறகு முகம் பார்த்த திசைக்கு வளையும் என்றுதான் பயிற்சியாளர்கள் பல தலைமுறைகளாகக் கற்பித்துவந்தார்கள். இது தவறு. நெப்ராஸ்காவின் இயற்பியல் பேராசிரியர் தியோடர் ஜோர்கென்சன் 1994-இல் வெளியிட்ட கோல்ஃப் இயற்பியல் நூல் சரியான கணக்கை விளக்கியது. ஆனாலும் டென்மார்க்கில் 2003-இல் தொடங்கப்பட்ட ட்ராக்மேன் போன்ற நிறுவனங்களின் ரேடார் கருவிகள் பயிற்சித் திடல்களுக்கு வந்த பிறகே பழைய பாடம் பரவலாகக் கைவிடப்பட்டது. அயர்ன் அடியில் பந்து கிளம்பும் திசையில் முக்கால் பங்கை முகக் கோணமே தீர்மானிக்கிறது. வீச்சுப் பாதையின் பங்கு கால்தான். முகச் சாய்வு குறைந்த, நெடுந்தூர அடிக்கான ட்ரைவர் மட்டையில் முகத்தின் பங்கு இன்னும் அதிகம்.

கேரம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கமிருந்து வந்தாலும், காய் எங்கே தொடப்படுகிறதோ அதற்கு நேர் எதிர்ப்பக்கமே பெரும்பாலும் ஓடும். மட்டை முகமும் பந்தைத் தனக்குச் செங்குத்தான திசையில் தள்ளப் பார்க்கிறது. முகத்துக்கும் பந்துக்கும் இடையிலான உராய்வு அதைப் பாதையின் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது.

அதே உராய்வுதான் சுழற்சியையும் தருகிறது. அயர்ன் முகம் வானைப் பார்த்துச் சாய்ந்திருப்பதால் பந்து பின்னோக்கிச் சுழலும். தேர்ந்த ஆட்டக்காரரின் 7 அயர்ன் அடியில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,000 சுற்றுகள். பின்சுழற்சி பந்தை மேலே தூக்குகிறது என்பதை எடின்பரோ பேராசிரியர் பி. ஜி. டெய்ட் 1890-களிலேயே நிறுவினார். பந்தில் நாடாவைக் கட்டி அடித்து, நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணியே அவர் சுழற்சியை அளந்தார். முகமும் பாதையும் ஒரே திசையில் இருந்தால் சுழற்சி அச்சு கிடைமட்டமாக நிற்கும். பந்து நேராகப் பறக்கும். இரண்டும் விலகினால் அச்சு சாயும், தூக்குவிசையும் அதோடு சாயும், பந்து வளையும். பின்சுழற்சி ஒன்று, பக்கச்சுழற்சி வேறொன்று என்று இரண்டு கிடையாது. இருப்பது சாய்ந்த அச்சில் ஒரே சுழற்சி. முகம் பாதைக்கு வலப்புறம் திறந்திருந்தால் பந்து வலப்புறம் வளையும். இடப்புறம் மூடியிருந்தால் இடப்புறம் வளையும்.

அச்சு எவ்வளவு சாயும் என்பது மட்டையின் சாய்வையும் பொறுத்தது. முகமும் பாதையும் 3 டிகிரி விலகினால் 7 அயர்னில் அச்சு ஏறத்தாழ 7 டிகிரி சாயும். ட்ரைவரில் 12 டிகிரிக்கு மேல் போகும். ட்ரைவரை வலப்பக்கம் சுருட்டி அடிப்பவர் அதே வீச்சில் சாய்வு கூடிய 9 அயர்னை நேராக இடப்பக்கம் அனுப்புவது இதனால்தான். குறை ஒன்றே, மட்டைதான் வேறு. சாய்வு மிகுந்த மட்டையில் பெரிய வளைவு எடுப்பது அதனாலேயே அரிது. 2012 மாஸ்டர்ஸ் போட்டியின் பிளேஆஃபில், அகஸ்டா திடலின் 10-ஆம் குழியில், இடக்கை ஆட்டக்காரர் பப்பா வாட்சன் பைன் மரங்களுக்குள்ளிருந்து வெட்ஜ் மட்டையால் பந்தை ஏறத்தாழ 40 கெஜம் வளைத்துப் பச்சைத் தரையில் இறக்கினார். பாதைக்கு எதிராக முகத்தைப் பல டிகிரி மூடினால் ஒழிய அது நடக்காது.

பழைய பாடம் மிக அதிகமாகக் கெடுத்தது ஸ்லைஸ் அடிப்பவர்களை, அதாவது பந்து வலப்பக்கம் வளைந்தோடும்படி அடிப்பவர்களைத்தான். அவர்களுடைய மட்டை பந்தின் வெளிப்புறமிருந்து இடப்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். பந்து வலப்பக்கம் போகிறதே என்று பாதையை இன்னும் இடப்பக்கம் திருப்புவார்கள். முகமோ பழைய இடத்திலேயே நிற்கும். இடைவெளி கூடும், வளைவும் கூடும். வலப்பக்கம் கிளம்பி இடப்பக்கம் வளையும் டிரா அடியின் கணக்கும் பலரைக் குழப்புகிறது. பாதை இலக்குக்கு 4 டிகிரி வலம், முகம் 2 டிகிரி வலம் என்றால் பந்து இரண்டரை டிகிரி வலமாகக் கிளம்பி இடப்பக்கம் வளைந்து இலக்கருகே இறங்கும். முகம் இலக்குக்குத் திறந்தும் பாதைக்கு மூடியும் இருக்கிறது. முகத்தை நேராக இலக்கில் வைத்து அதே பாதையில் வீசினால் பந்து இலக்கைத் தாண்டி இடப்பக்கம் போய்விடும்.

அயர்னில் இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மட்டை பந்தைத் தொடும்போது இன்னும் கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது; தொழில்முறை ஆட்டக்காரர்களின் 7 அயர்னில் ஏறத்தாழ 4 டிகிரி. வீச்சு ஒரு சாய்ந்த வட்டம் என்பதால், அடிமட்டத்தை எட்டும் முன் மட்டை கீழே மட்டுமல்லாமல் வலப்புறமாகவும் போய்க்கொண்டிருக்கும். வட்டம் இலக்கை நோக்கியே அமைந்திருந்தாலும், 4 டிகிரி இறக்கம் பாதையை 2 டிகிரிக்குச் சற்று மேல் வலப்பக்கம் தள்ளும். அதை ஈடுகட்டவே பலர் வட்டத்தைச் சற்று இடப்பக்கம் திருப்பி அடிக்கிறார்கள்.

மட்டைத் தலை தரையில் படியும் விதமும் திசையை மாற்றும். தலையின் முனை தூக்கி, தண்டை ஒட்டிய குதி மட்டும் தரையில் பட்டால், சாய்ந்த முகம் இடப்பக்கம் பார்க்கும். சாய்வு கூடக்கூட இந்தப் பிழையும் வளரும். ஆகவே வெட்ஜில் மிக அதிகம். தன் உயரத்துக்குப் பொருந்தாத மட்டையோடு ஆடுபவர் வீச்சைத் திருத்தித் திருத்தி அலுத்துப்போவது இந்த இடத்தில்தான். மட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்து வளைத்துச் சரிசெய்தால் போதும்.

மட்டை புல்லில் வெட்டும் தடத்தைப் பார்த்து வீச்சுப் பாதையைச் சொல்வது வழக்கம். அது உதவும், ஆனால் தடம் பந்து போன பிறகே வெட்டப்படுகிறது. அதற்குள் வட்டம் இடப்பக்கம் திரும்பத் தொடங்கியிருக்கும். தடம் லேசாக இடப்பக்கம் காட்டினால், தொட்ட கணத்தில் பாதை நேராகவே இருந்திருக்கலாம். முகம் எங்கே பார்த்தது என்பதைத் தடம் சொல்லாது. பந்து பறக்கத் தொடங்கிய முதல் சில கெஜங்களில்தான் அது தெரியும்.