டப்பாவை ஒளிச்சு வைக்கலாம்... ஆனா எங்கே? ஜியோகேச்சிங் நாகரிகமும் காஞ்சிபுரமும்

கையில் ஒரு ஸ்மார்ட்போன். அதில் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. அந்த இடத்துக்குப் போய்த் தேடினால், யாரோ ஒளித்துவைத்த ஒரு சின்ன டப்பா கிடைக்கும். உள்ளே குட்டி நோட்டு. அதில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் ஜியோகேச்சிங். தங்கமும் இல்லை, வைரமும் இல்லை. தேடிக் கண்டுபிடித்த திருப்திதான் புதையல்.

இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கும் அதிகமான டப்பாக்கள் இப்படி ஒளிந்திருக்கின்றன. சென்னையில் ஐ.டி. வேலை பார்த்துக்கொண்டு, வார இறுதியில் புதுசா எதையாவது செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு இது கச்சிதமான பொழுதுபோக்கு. அப்படி ஆரம்பிப்பவர்கள் மனதில் சட்டென்று வரும் ஊர்களில் காஞ்சிபுரமும் ஒன்று. சுமார் 75 கி.மீ. தூரம்தான். பழைய கோயில்கள், குளங்கள், நெசவுத் தெருக்கள் என்று ஒளித்துவைக்க ஆயிரம் இடம் இருப்பதுபோலத் தெரியும்.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பல வருடங்களாக இதை விளையாடுபவர்கள் ‘இதுக்கெல்லாம் ஒரு மரியாதை இருக்கு’ என்று ஏன் சொல்கிறார்கள்? அந்த மரியாதை எப்படி மாறியிருக்கிறது? காஞ்சியில் அது என்ன வடிவம் எடுக்க வேண்டும்?

எப்படி ஆரம்பித்தது?

ஜி.பி.எஸ். அமெரிக்க ராணுவம் உருவாக்கியது. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதனால் இருப்பிடம் 100 மீட்டர்வரைகூடத் தள்ளிக் காட்டும். அதிபர் பில் கிளின்டன் அறிவிப்பின்படி, 2000 மே 2-ம் தேதி அந்தப் பிழை நீக்கப்பட்டது. ஒரே ராத்திரியில் ஜி.பி.எஸ். துல்லியமானது.

அடுத்த நாளே, டேவ் அல்மர் என்பவர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியை ஒளித்துவைத்தார். உள்ளே புத்தகம், சாஃப்ட்வேர், உண்டிவில், ஒரு டின் பீன்ஸ், கூடவே ஒரு நோட்டும் பென்சிலும். இடத்தின் எண்களை இணையத்தில் போட்டார். ‘கொஞ்சம் எடுத்துக்கோங்க, கொஞ்சம் வச்சுட்டுப் போங்க’ என்பதுதான் அவர் சொன்ன விதி. மூன்றே நாளில் இரண்டு பேர் தேடி வந்துவிட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் இதற்கென்றே ஓர் இணையதளம் தொடங்க, விளையாட்டு உலகம் முழுக்கப் பரவியது.

முதல் டப்பா இன்று செல்லாது!

அல்மர் வைத்த அந்த வாளியை இன்று யாராவது பதிவு செய்ய முயன்றால் நிராகரித்துவிடுவார்கள். காரணம் இரண்டு. அந்த வாளி பாதி மண்ணில் புதைக்கப்பட்டிருந்தது. அதில் சாப்பாட்டுப் பொருள் இருந்தது.

இப்போதைய விதிப்படி ஒளிக்கவோ தேடவோ மண்ணைத் தோண்டக் கூடாது. நிலத்தின் சொந்தக்காரர் வெளிப்படையாக அனுமதித்தால் மட்டுமே விதிவிலக்கு. உணவு வைத்தால் விலங்குகள் கிளறும், எறும்பு வரும், டப்பா நாறும். முதல் டப்பாவை வைத்தவர் தப்பு செய்தார் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஒரு டப்பா இருக்கும்போது பிரச்சினையாகத் தெரியாதது, லட்சக்கணக்கில் ஆகும்போது பிரச்சினை ஆகிறது. ஜியோகேச்சிங் நாகரிகம் வளர்ந்த கதை முழுக்க இதுதான்.

அப்படி ஒவ்வொன்றாகச் சேர்ந்த விதிகளில் முக்கியமானவை:

* இரண்டு டப்பாக்களுக்கு நடுவே குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும். அதாவது 0.1 மைல்.
* இடத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.
* கத்தி, பட்டாசு, மது, உணவு வைக்கக் கூடாது.
* சுவரில் ஆணி அடிப்பது, மரத்தைக் குடைவது, பெயின்ட் பூசுவது கூடாது.
* வைத்தவரே அவ்வப்போது வந்து பராமரிக்க வேண்டும். டூர் போன இடத்தில் வைத்துவிட்டு ஊர் திரும்புபவர்களின் டப்பாக்களைப் பொதுவாக ஏற்பதில்லை.

கடைசி விதி நம்மூருக்கு ரொம்ப முக்கியம். விடுமுறைக்கு வந்து, கோயில் பார்த்து, டப்பா வைத்துவிட்டு விமானம் ஏறிவிட்டால், மழையில் நனைந்து உடையும் அந்த பிளாஸ்டிக்கை யார் எடுப்பது? பராமரிக்க ஆள் இல்லாத டப்பா வெறும் குப்பைதான்.

போன் வந்தது, பழக்கம் மாறியது

ஆரம்பத்தில் இதை விளையாட, காசு கொடுத்துத் தனி ஜி.பி.எஸ். கருவி வாங்க வேண்டும். எண்களை அதில் ஏற்றி, மேப்பைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். அதனால் வந்தவர்கள் குறைவு. வந்தவர்கள் எழுதியதும் அதிகம். எப்படிப் போனோம், என்ன பார்த்தோம், எங்கே வழிதவறினோம் என்று டப்பா வைத்தவருக்கு ஒரு கடிதம்போல எழுதுவார்கள். பொருளை எடுத்தால் சமமான மதிப்புள்ளதையோ அதைவிட நல்லதையோ வைக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

ஸ்மார்ட்போன் வந்த பிறகு, ஆப் டவுன்லோட் செய்த அடுத்த நிமிடமே தேடலாம் என்றானது. பழைய ஆட்களின் குறைகள் இங்கிருந்துதான் தொடங்குகின்றன. பதிவு எழுதுவது ‘தேங்க்ஸ்’ என்ற ஒற்றை வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று பதிவு செய்ய வெட்கப்படுகிறார்கள். அதனால், டப்பா காணாமல் போனதே வைத்தவருக்குத் தெரிவதில்லை. சிலர் கிடைக்காத இடத்தில் தாங்களே ஒரு புது டப்பாவைப் போட்டுவிட்டு, ‘கண்டுபிடித்தாச்சு’ என்று கணக்கில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஒளித்திருக்கும் இடத்தை அப்படியே வீடியோ எடுத்துப் போட்டு, அடுத்து வருபவரின் சுவாரஸ்யத்தைக் கெடுப்பவர்களும் உண்டு.

எண்ணிக்கை மோகத்துக்கு அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள ‘ஈ.டி. ஹைவே’ பெயர்போன உதாரணம். 2010-ல் அந்தப் பாலைவனச் சாலை ஓரமாக 161 மீட்டருக்கு ஒன்று என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட டப்பாக்களை வைத்தார்கள். காரில் போய் இறங்கி, எடுத்து, அடுத்ததுக்கு ஓடுவதுதான் ஆட்டம். இப்படிப்பட்ட பாதைகளில் நேரத்தை மிச்சப்படுத்த, ஓர் இடத்தில் எடுத்த டப்பாவை அடுத்த இடத்தில் வைத்து, அங்கே இருப்பதை அதற்கடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம்கூட வந்தது. ‘எடுத்த இடத்திலேயே வை’ என்ற அடிப்படையே அங்கே காலியானது.

ஆனால், ‘அந்தக் காலமே தங்கம்’ என்று சொல்லிவிடவும் முடியாது. விலை உயர்ந்த கருவி தேவை என்ற தடையை உடைத்தது போன்தான். கல்லூரி மாணவரும் ஆடலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. போகும் வழியில் குப்பை பொறுக்கிக்கொண்டு வரும் பழக்கம் 2002 முதல் இந்த விளையாட்டின் ஓர் அங்கமாகவே ஆகியிருக்கிறது. எழுதுவது குறைந்திருக்கிறது. இடத்தைப் பற்றிய அக்கறை கூடியிருக்கிறது.

காஞ்சியில் என்ன சிக்கல்?

கைலாசநாதர் கோயிலை எடுத்துக்கொள்வோம். 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அடித்தளம் கருங்கல். அதற்கு மேலே மணற்கல். திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சிறு சன்னதிகள் வரிசையாக இருக்கின்றன. சிலவற்றில் பழைய ஓவியங்களின் மிச்சம் இன்னும் தெரியும்.

இப்போது ஒரு கணக்கு. திறந்தவெளியில் ஸ்மார்ட்போன் ஜி.பி.எஸ். சுமார் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். பக்கத்தில் உயரமான சுவர் இருந்தால் பிழை இன்னும் கூடும். அருகருகே சன்னதிகள் உள்ள இடத்தில் ஒரு டப்பாவைத் தேடும் நபர், சரியான மூலையைக் கண்டுபிடிக்கும் முன் எத்தனை இடத்தில் கைவிடுவார்? எத்தனை விளிம்பைப் பிடித்து ஏறுவார்? மணற்கல் மென்மையானது, உதிரக்கூடியது. டப்பா வைப்பவர் ஒரு கல்லைக்கூட அசைக்காமல் இருக்கலாம். பின்னால் வரும் நூறு பேரின் கைகளுக்கு அவர் பொறுப்பேற்க முடியாது.

சட்டமும் கறாரானது. 1958-ம் ஆண்டின் தொல்லியல் சின்னங்கள் சட்டம் 2010-ல் திருத்தப்பட்டது. அதன்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டுகள் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். வழிபாடு நடக்கும் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொல்லி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதும் நினைவில் இருக்கட்டும். ஆப்பைப் பார்த்துக்கொண்டே பிராகாரம் சுற்றும் பேச்சுக்கே இடமில்லை.

போன் விளையாட்டு கோயில் வாசலில் முட்டிக்கொள்வது இது முதல் முறையும் இல்லை. 2016-ல் ‘போகிமான் கோ’ பரபரப்பாக இருந்தபோது, வழிபாட்டுத் தலங்களில் விளையாட்டின் முட்டைகள் தோன்றுவது மனதைப் புண்படுத்துகிறது என்று குஜராத் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே போட்டார்கள். அங்கே திரையில் மட்டும்தான் முட்டை. ஜியோகேச்சிங்கில் நிஜமான டப்பா.

ஒளிந்து தேடலாமா?

ஜியோகேச்சிங்கில் விளையாட்டு தெரியாத வெளியாட்களுக்கு ‘மகிள்’ என்று பெயர். ஹாரி பாட்டர் கதையிலிருந்து எடுத்த சொல். அவர்கள் கண்ணில் படாமல் எடுக்க வேண்டும், படாமல் வைக்க வேண்டும் என்பது பழைய நாகரிகம். பார்த்தவர்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்ற கவலைதான் காரணம்.

இந்த ஒரு விதியை நம்மூரில் அப்படியே பின்பற்றினால் வம்புதான். பழைய கோயில் பக்கம் ஒருவர் நோட்டம் விட்டு, குனிந்து, எதையோ எடுத்துப் பையில் வைத்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? சிலைக் கடத்தலுக்கென்றே போலீஸில் தனிப் பிரிவு இருக்கும் மாநிலம் இது. ‘கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள்’ என்ற அறிவிப்பை ரயில் நிலையத்தில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இங்கிலாந்தின் வெதர்பி நகரில் 2011-ல் இப்படி வைத்த ஒரு டப்பாவை வெடிகுண்டு என்று சந்தேகித்து, நிபுணர்கள் வந்து வெடிக்க வைத்தே அழித்தார்கள்.

நெசவாளர் தெருக்களில் இன்னொரு சங்கடமும் உண்டு. பிள்ளையார்பாளையம் போன்ற பகுதிகளில் வீடுதான் தறிக்கூடம். காலை வேளையில் தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி வேலை செய்வார்கள். போனில் அம்புக்குறியைப் பார்த்தபடி நடப்பவர் அதில் கால் இடறினால், அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்து சேர்க்க வேண்டியவர் நெசவாளர். திண்ணைக்கு அடியில் கைவிட்டுத் துழாவுவது, ஜன்னல் பக்கம் நின்று போன் பிடிப்பது எல்லாம் அங்கே இருப்பவர்களுக்கு அத்துமீறல்தான். அது அவர்கள் வீடு, வேலை செய்யும் இடம்.

எனவே இங்கே நாகரிகம் தலைகீழாக வேண்டும். ஒளிய வேண்டியது டப்பாதான், ஆள் இல்லை. ‘அண்ணா, இது ஒரு போன் விளையாட்டு. இங்கே ஒரு டப்பா இருக்கு, பேர் எழுதிட்டு வச்சிடுவோம்’ என்று சொல்லிவிட்டுத் தேடினால் பாதிச் சிக்கல் தீரும். அக்கம்பக்கத்தவருக்குத் தெரிந்த டப்பா காணாமல் போகும் என்று பயப்பட வேண்டியதில்லை. அவர்களே அதற்குக் காவலாகவும் இருக்கலாம்.

டப்பா இல்லாமலும் ஆடலாம்

பாதுகாக்கப்பட்ட இடங்களுக்கு இந்த விளையாட்டே வேறு வழி கண்டுபிடித்திருக்கிறது. 2004-ல் தொடங்கிய ‘எர்த்கேச்’சில் டப்பா கிடையாது. ஓர் இடத்தின் பாறை, மண் பற்றிய கேள்விகளுக்கு நேரில் பார்த்துப் பதில் அனுப்ப வேண்டும். ‘அட்வென்ச்சர் லேப்’ என்பதும் அதேபோலத்தான். குறிப்பிட்ட இடத்துக்குப் போனால் கேள்வி திறக்கும். பதில் சொன்னால் அடுத்த இடம்.

காஞ்சிக்கு இது பொருந்தும். ‘கைலாசநாதர் கோயிலின் அடித்தளக் கல்லும் சுவர்க் கல்லும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கின்றனவா?’ என்ற ஒரு கேள்வி போதும். வந்தவர் கை வைக்காமல் உற்றுப் பார்ப்பார்.

காஞ்சியில் தொடங்க நினைப்பவர்களுக்கு...

* வைப்பதற்கு முன் குறைந்தது பத்து டப்பாக்களையாவது தேடிப் பாருங்கள். எது நல்ல இடம் என்பது அப்போதுதான் புரியும்.
* கோயில், தொல்லியல் சின்னம், பள்ளி, பேருந்து நிலையம் வேண்டவே வேண்டாம். தெரிந்தவரின் கடை, உணவகம், தோட்டம் என்று அனுமதி கேட்கக்கூடிய இடமாகப் பாருங்கள்.
* உள்ளே இருப்பது தெரியும் டப்பாவாக இருக்கட்டும். ‘இது ஒரு விளையாட்டு, ஆபத்தில்லை’ என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள்.
* காஞ்சிக்கு அடிக்கடி வர முடியாது என்றால் டப்பா வைக்காதீர்கள். உள்ளூர் நண்பர் ஒருவர் பார்த்துக்கொள்வதாக இருந்தால் மட்டும் வையுங்கள்.
* கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை என்றே பதிவு செய்யுங்கள். கிடைத்தால் இரண்டு வரியாவது எழுதுங்கள்.
* வீடியோ போடலாம். ஒளித்த இடத்தை மட்டும் காட்டாதீர்கள். வீட்டில் இருப்பவர்களையும் தறியையும் கேட்காமல் எடுக்காதீர்கள்.
* ஒரு பையை எடுத்துப் போங்கள். சர்வ தீர்த்தக் குளக்கரையில் கிடக்கும் நாலு பிளாஸ்டிக் பாட்டிலைப் பொறுக்கிக்கொண்டு வந்தாலும் அன்றைய ஆட்டம் ஜெயித்த மாதிரிதான்.