சிப்புக்காகக் காத்துக் கிடந்த கார்கள்

2021-ல் பிரான்சின் பெஜோ நிறுவனம் தன் 308 ரகக் கார்களில் டிஜிட்டல் திரையை எடுத்துவிட்டு, முள் ஆடும் பழைய வேகமானியைப் பொருத்தியது. பழமையின் மீது பாசம் ஒன்றும் இல்லை. திரைக்கு வேண்டிய சிப்புக்குத் தட்டுப்பாடு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், சிப் வந்து சேரும்வரை முழுமையடையாத வண்டிகளை வரிசையாக நிறுத்திவைத்தது. இந்தியாவில் மாருதி சுஸுகியோ, அந்த செப்டம்பரில் வழக்கமான உற்பத்தியில் சுமார் 40 சதவீதம்தான் நடக்கும் என்று அறிவித்தது.

பல லட்ச ரூபாய் காரை ஒரு சின்னஞ்சிறு சிப் முடக்கிவிடுமா? முடக்கியது.

ஏர்பேக் எப்போது விரிய வேண்டும், எஞ்சினுக்கு எவ்வளவு எரிபொருள் போக வேண்டும், சக்கரம் வழுக்கினால் பிரேக்கை எப்படி விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் இன்று சிப்புகளே முடிவு செய்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று வராவிட்டாலும் வண்டி ஷோரூமுக்குப் போகாது. வாஷிங் மெஷின், மைக்ரோவேவ் அடுப்பு, ஏடிஎம் கார்டு, சிம் கார்டு என எல்லாவற்றுக்குள்ளும் சிப் உண்டு.

தட்டுப்பாட்டுக்கு விதை 2020-லேயே விழுந்துவிட்டது. கொரோனா காலத்தில் கார் விற்காது என்று நினைத்த நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. வீட்டுக்குள் அடைபட்ட மக்களோ லேப்டாப்பும் வீடியோ கேம் கருவிகளும் வாங்கிக் குவித்தார்கள். சிப் ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பின. சில மாதங்களிலேயே கார் விற்பனை மீண்டபோது, கார் நிறுவனங்களுக்கு வரிசையின் கடைசியில்தான் இடம் கிடைத்தது. போதாக்குறைக்கு, 2021 பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலால் ஆஸ்டின் நகரச் சிப் ஆலைகள் மின்சாரமின்றி நின்றன. மார்ச்சில் ஜப்பானில் ரெனெசாஸ் நிறுவனத்தின் நாகா சிப் ஆலை தீப்பற்றியது.

கேட்டவுடன் கூடுதலாகத் தயாரித்துவிடவும் முடியாது. சிலிக்கான் வட்டின் மேல் நூற்றுக்கணக்கான படிகளைக் கடந்து ஒரு சிப் உருவாக மூன்று மாதம்கூட ஆகும். புதிய ஆலை எழும்ப ஆண்டுகள் பிடிக்கும். அப்படிக் கட்டுபவர்களும் லாபம் கொழிக்கும் செல்போன் சிப்புகளையே நாடுவார்கள். காருக்குத் தேவையான பழைய தலைமுறைச் சிப்புகளுக்குப் புது முதலீடு அரிது.

2021 டிசம்பரில் இந்திய அரசு சிப் தொழிலுக்காக 76,000 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன்கீழ் குஜராத்தின் தொலேராவில் டாடா குழுமம் தைவானின் பிஎஸ்எம்சி நிறுவனத்தோடு சேர்ந்து அமைக்கும் ஆலை குறிவைப்பது 28 நானோமீட்டர் தலைமுறைச் சிப்புகளையும் அதற்கு முந்தைய தலைமுறைச் சிப்புகளையும்தான். பகட்டில்லாத தேர்வு, ஆனால் 2021-ல் கார்களை நிறுத்தியவை பெரும்பாலும் இத்தகைய பழைய ரகச் சிப்புகளே.